சட்டியில் கிடந்த வாஷர்

ஜெயபாரதி அப்பாவுக்கு,

வாசலில் நிற்கும் டாக்டரின் ஜீப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள். சாவியை அரிசி டின்னுக்குள் போட்டிருக்கிறேன். அவர் நாலு மணிக்குப் பிள்ளைகளோடு ஏலகிரி கிளம்ப வருவார். என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

நேற்று நீங்கள் பேரிங் கழுவிய என் குழம்புச் சட்டியை இப்போதுதான் விளக்கினேன். மண்ணெண்ணெய்க் கசடுக்குள் முன்சக்கரத்து நட்டைக் கழலாமல் பிடிக்கும் லாக் வாஷர் கிடந்தது. கோபத்தில் அது இல்லாமலே மாட்டியிருக்கிறீர்கள். நட்டு கழன்றால் சக்கரம் தனியாக ஓடிவிடும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? வாஷரை இந்தச் சீட்டின் மேலேயே வைத்திருக்கிறேன். மாட்டிவிட்டுச் சாப்பிடுங்கள், ரசம் இருக்கிறது. நான் ராயப்பேட்டைக்கு டூட்டிக்குப் போகிறேன்.

பி.கு: மண்ணெண்ணெய் போச்சு, சட்டி போச்சு என்று கத்தி, நீங்கள் கழுவி முடிக்கும் முன்பே சட்டியைப் பிடுங்கியது நான். டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.