ட்ரெய்லருக்குத் தோள் கொடுத்தவனுக்கு

மக்கா,

இன்று காலை புஜைரா யார்டில் ஒரு வெள்ளைக்காரரின் படகை மூடி வைக்கும் வேலை. எஞ்சினை ஓடவிட்டு அதன் வாயில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தேன். அது இருமியது, வெள்ளையாகப் புகை கக்கியது, திணறி நின்றது. உள்ளே துரு பிடிக்காமல் இருக்க எஞ்சினை இப்படி மூச்சு முட்ட வைத்துத்தான் தூங்க வைக்க வேண்டும். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நாம் ஒன்றாக வேலை பார்த்த முசஃபா யார்டு நினைவுக்கு வந்தது, நீ வந்தாய், உன் மேல் எனக்கிருந்த பழைய கோபமும் வந்தது.

படகோடு வரும் புத்தகத்தில் இதைக் குளிர்காலத்துக்கான வேலை என்றுதான் போட்டிருப்பான். பக்கத்தில் பனி மூடிய படகின் படம் இருக்கும். நமக்கோ அது ஜூன் மாதத்து வேலை. முதலாளிகள் வெயிலுக்குப் பயந்து தங்கள் ஊருக்குப் பறந்துவிடுவார்கள். நாம் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் முட்டி போட்டுக் கிடப்போம். அந்தப் புத்தகத்தாலேயே நீ விசிறிக்கொண்டு, "என்னா குளிருலே மக்கா, ஒரு கம்பளி எடு" என்பாய்.

என் முன்பல்லை நீ உடைத்தது நான் வந்த முதல் கோடையில். பிக்கப்பிலிருந்து கழற்றிய ட்ரெய்லர் சரிவில் மெல்ல உருண்டது. நான் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்? நம் கடப்புறத்தில் வள்ளத்தை மணலில் ஏற்றும்போது அது பின்னால் சரிந்தால் எல்லோரும் தோள் கொடுக்க வேண்டும். விலகி ஓடியவன் அப்புறம் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அந்த ட்ரெய்லர் என் நல்ல நேரத்துக்கு ஒரு கல்லில் முட்டி நின்றது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து வாயிலேயே குத்தினாய்.

"சாவப் போறியாலே? இது மணலா? சக்கரம்லே, சிமெண்டுலே! உருண்டா விட்டுட்டு ஓடணும், கேட்டியா?"

நானும் சும்மா இருக்கவில்லை. வாயில் ரத்தத்தோடு உன் காதைக் கடித்தேன். நம்மைப் பிரிக்க வந்த பெங்காலிக்கும் இரண்டு அடி விழுந்தது. அன்று மத்தியானம் நீ கஞ்சி வைத்துத் தந்தாய், "பல்லுதானே மக்கா, தோளு இருக்குல்லா" என்று சொல்லி.

அடுத்த கோடையில் நான் ஒரு படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் நின்று, கடலுப்புப் போக எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் மதில். நம் ஃபோர்மேன் காலையிலிருந்தே "ஜல்தி, யல்லா, ஜல்தி" என்று கத்திக்கொண்டு திரிந்தான். அந்த ட்ரெய்லரைச் சீக்கிரம் பிக்கப்பில் மாட்ட வேண்டுமாம். குனிந்து ஒரு பார்வை பார்க்காமல் சக்கரத்துக்கு வைத்திருந்த கட்டைகளைக் காலால் உதைத்துத் தள்ளினான்.

தலைக்கு மேலே இரும்பு நகர்ந்தது. "மக்கா!" என்று கத்தினேன். நீ விலகி ஓடாமல் பின்னாலிருந்து தோள் கொடுத்ததில் ஒரு நொடி அது நின்றது. அந்த ஒரு நொடியில் நான் உருண்டு வெளியே வந்தேன். அப்புறம் மதிலில் மோதிய சத்தம். அதற்குள் உன் நெஞ்செலும்பு நொறுங்கிய சத்தமும் இருந்தது. எஞ்சினுக்கும் மதிலுக்கும் நடுவே நீ நின்றபடியே இருந்தாய், தலை மட்டும் தொங்கியது. வாயிலிருந்து வழிந்த ரத்தம் அந்த வெள்ளை எஞ்சின் மேல் இறங்கியது. கையில் பிடித்திருந்த தண்ணீர்க் குழாய் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

வீல் ஸ்பேனர் என் கையில் எப்படி வந்ததென்று தெரியாது. ஃபோர்மேனின் வலது கை இரண்டு இடத்தில் உடைந்தது. மண்டையைத்தான் குறி வைத்தேன். அவன் கையைத் தூக்கிவிட்டான். நாலு பேர் என் மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நிறுத்தினேன். ஜெயில், விசா ரத்து, ஊர். அதற்கு இன்றும் நான் வருந்தவில்லை.

ஊரில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அழுது முடித்து வறண்டுபோன குரலில், "விட்டுட்டு ஓடத் தெரியாதா அவியளுக்கு?" என்று கேட்டாள். நான் அடியில் கிடந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாக்கு அந்தப் பல்லின் ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. வெளியே வந்து உன்னைத்தான் திட்டினேன். அடித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே பாவி, உனக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று? எனக்காகச் சாக உன்னை எவன் கேட்டான்? தடை நீங்கி, வேறு கம்பெனியில் இங்கே வந்து சேர்ந்த பிறகும் ஒவ்வொரு கோடையிலும் அதே கேள்வியை உன்னிடம் கேட்டுக்கொண்டேதான் கிரீஸ் வைக்கிறேன்.

இன்று பத்து மணி வாக்கில், என்னோடு வேலை செய்யும் ஆந்திராக்காரன் கட்டை வைக்கும் முன்பே பிக்கப்பைக் கழற்றிவிட்டான். ட்ரெய்லர் உருண்டது. அடியில் யாரும் இல்லை. பின்னால் யாரும் இல்லை. நான் பக்கவாட்டில், தூரத்தில், பத்திரமாக நின்றிருந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் என் தோள் அதில் இருந்தது.

சரிவு கொஞ்சம்தான், படகும் சின்னது. அவன் கட்டையைச் செருகும் வரை தாங்கிவிட்டேன். "பாய், பாகல் ஹை க்யா?" பைத்தியமா உனக்கு என்று அவன் இந்தியில் கத்தினான். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன் மக்கா. நீ செத்தபோது அடிக்கத்தான் தெரிந்தது, அழத் தெரியவில்லை.

தோள் இப்போது கருநீலமாக வீங்கியிருக்கிறது. தைலம் தேய்க்கவில்லை, வலிக்கட்டும். இந்த லீவில் உன் வீட்டுக்குப் போவேன். அடியில் கிடந்தது நான்தான் என்று முதலில் சொல்வேன். அவள் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். அப்புறம் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன்: அவனுக்கு ஓடத் தெரியும் தங்கச்சி. அவன் தோளுக்குத்தான் தெரியவில்லை.