முப்பது நாளுக்கும் பேசி வைத்த ஜெபம்

கடலூர் முதுநகர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் இளவரசுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், குவைத் வெயிலில் நீயும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். நீ செய்தது தப்பு. முப்பது நாள் குடும்ப ஜெபத்தையும் ஒரே வெள்ளிக்கிழமையில் போனில் பேசிப் பதிந்து, நாளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள் என்று உன் மனைவி வினோதினிக்கு அனுப்பிவிட்டு, வீட்டுத் தலைவனின் கடமை முடிந்தது என்று இருக்கிறாய். "ஒரு நாளுகூட தவறாதுப்பா, அதான் மொத்தமா பேசி வச்சிட்டேன்" என்று என்னிடம் பெருமையாக வேறு சொன்னாய். இட்லிக்குக்கூட யாரும் ஒரு மாதத்து மாவை ஆட்டி வைப்பதில்லை.

சனிக்கிழமை சிதம்பரம் போயிருந்தேன். சினேகாவுக்கு மூன்று நாளாக ஜுரம், நீ பயப்படுவாய் என்று வினோதினி சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரித்து, வேதாகமத்தின் மேல் போனை வைத்தாள். "எங்க சினேகாவ இன்னிக்கும் நல்ல சுகத்தோட வச்சதுக்கு ஸ்தோத்திரம்" என்று உன் குரல் கணீரென்று வந்தது. போர்வைக்குள் சுருண்டிருந்த ஏழு வயதுப் பிள்ளை, "தாத்தா, எனக்கு ஜொரம்னு அப்பாவுக்கு யாரும் சொல்லலியா" என்று கேட்டாள். வினோதினி போனை அணைத்துவிட்டு, "நீங்க ஜெபம் பண்ணுங்க மாமா" என்றாள். அது இளவரசுடைய வேலை, அவன் வீட்டில் நான் செய்யமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "அப்ப ஒங்க ரெண்டு பேருக்காகவும் புள்ளயோட ஜொரம் காத்துக்கிட்டு இருக்கணுமா மாமா" என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் நெற்றியில் கை வைத்து அவளே ஜெபித்தாள். நாலே வரிதான். என் பிடிவாதத்துக்கு நான் கர்த்தரிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன், உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை. ஜுரம் நேற்று இறங்கிவிட்டது, கஞ்சி குடித்தாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் வேதாகமத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கக் கற்றேன், தப்பாகப் படிப்பேன், நீ சிரிப்பாய். ஆனால் இன்றைக்கு என்ன நடந்தது என்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்காமல் ஒரு நாளும் நான் கண்ணை மூடியதில்லை. நீ கணக்கில் பெயிலானது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

இதை உன் அம்மா படம் எடுத்து அனுப்புவாள், படித்துவிட்டுக் கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடாதே. கர்த்தர் உன்னையும் உன் கைவேலையையும் காத்துக்கொள்வாராக. இனி நடக்க வேண்டியது இது. பாக்கி இருக்கும் பதிவுகளை நீயே அழி, வினோதினியை அழிக்கச் சொல்லாதே. உனக்கு ஆறு மணிக்கு வேலை முடியும்போது இங்கே எட்டரை, உடனே கூப்பிடு. முதலில் வினோதினியைக் கேள், பிறகு சினேகாவைக் கேள், அப்புறம் கண்ணை மூடு. உனக்கு முடியாத நாளில் வினோதினி ஜெபிக்கட்டும், நான் அங்கே இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளாமல் ஆமென் சொல்வேன். உன் அம்மா சனிக்கிழமை ரசப்பொடியோடு சிதம்பரம் போவாள். எட்டரை வரை தூங்காமல் இருப்பதாகச் சினேகா ஒத்துக்கொண்டிருக்கிறாள், அவளைக் காக்க வைக்காமல் இருக்க வேண்டியது நீ.

உன் அப்பா,
தங்கராசு