வீட்டுக்குக் கீழே ஓடும் ரயில்

படுவான்கரை
1996 ஆவணி

அன்பு மகள் கண்ணகைக்கு,

நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம், இந்த நாளில் அதைத்தான் சுகம் என்று எழுத முடிகிறது. பாரிஸ் நகரில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் வந்தன, தபால்காரரை ஆமி ஆற்றைக் கடக்க விட்டால்தானே. இரண்டிலும் பிள்ளை நிரோஜினியை அனுப்புங்கள் என்றே எழுதியிருக்கிறாய். விசா வந்த பிறகும் அப்பா பிடிவாதம் பிடிக்கிறார் என்று அம்மாவுக்குத் தனியாக வேறு எழுதியிருக்கிறாய், அதை அவளுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான் என்பதை மறந்துவிட்டாய். மூன்று வயதில் விட்டுவிட்டுப் போன பிள்ளையை முன்பின் தெரியாத ஊருக்கு ஏன் அனுப்ப வேண்டும், வேண்டுமென்றால் நீ வந்து கூட்டிப்போ என்று சொன்னேன். அது பிழை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

மாசியில் நீ எழுதியிருந்தாய், அங்கே நிலத்துக்கு அடியில் மெற்றோ என்று ரயில் ஓடுகிறது, உங்கள் கட்டடத்துக்குக் கீழாலேயே போகிறது, போகும்போது தட்டில் உள்ள கோப்பைகள் கிலுங்கும், நீ வேலைக்குப் போவதும் வருவதும் அதில்தான் என்று. நான் முதலில் நம்பவில்லை. அவ்வளவு ஆழம் தோண்டினால் ஊற்று வராதா என்று யோசித்து, பழைய புத்தகம் ஒன்றைத் தேடிப்பிடித்து வாசித்த பிறகுதான் நம்பினேன். அந்த மாதம் அக்கரை ஆமி முகாமில் இருந்து ஷெல் அடி கூடுதல். பங்கர் குழிக்குள் நிரோஜினி நடுங்கி நடுங்கிச் சோறும் எடுக்காமல் விட்டாள். "இவ்வளவு புத்தகம் வாசிக்கிற ஆள்தானே, எதையாவது சொல்லிப் புள்ளைட பயத்தத் தெளிவியுங்களன்" என்று உன் அம்மா என்னைக் குத்தினாள். மண் அதிர்ந்தபோது, இது ஒண்டுமில்ல மனே, உன்ட அம்மாட கோச்சி நிலத்துக்குக் கீழால போகுது என்று சொன்னேன். நீ எழுதாமல் விட்டிருந்தால் அது என் வாயில் வந்திருக்காது. அதற்குப் பிறகு பிள்ளை அழவில்லை. தூரத்தில் விழுந்தால் "அம்மா வேலைக்குப் போறா" என்பாள், கிட்ட விழுந்தால் "இப்ப வாறா" என்று சிரிப்பாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

போன கிழமை பின்னேரம் திடீரென்று அடி தொடங்கியது. வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டு நின்ற நான் ஓடி வந்தேன். பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று உன் அம்மா கத்துகிறாள். பார்த்தால், நீ அனுப்பிய மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் படலையில் நிற்கிறாள். சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தூக்கினேன், "விடுங்க அம்மப்பா, கோச்சி நிண்டுட்டு, அம்மா இறங்கப் போறா" என்று என் கையைக் கடித்தாள். அடுத்தது பக்கத்து வளவில் விழுந்தது. மாட்டை அவிழ்க்கப் போன கோணாமலை அண்ணன் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். அவரைத் தூக்கிப் போகும்போதும் இவள் என் தோளுக்கு மேலால் றோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருத்திவைத்து உண்மையைச் சொன்னேன். நான் பொய் சொல்கிறேனாம்.

பெரியகல்லாற்று அன்னப்பூரணி அக்கா புரட்டாதியில் பாரிசுக்கு மகனிடம் போகிறார். பிள்ளையையும் கூட்டிப்போகிறேன் என்று முன்பு வந்தவரை நான் படலையோடு திருப்பி அனுப்பியிருந்தேன். நேற்றுத் தோணியால் கடந்து, பஸ் பிடித்துப் போய் நானே கேட்டேன். "இப்பதான் கல்லாத்துக்கு வழி தெரிஞ்சதோ தம்பி" என்றார். பிறகு சம்மதித்துவிட்டார். நீ கேட்டாய் என்று நான் இதைச் செய்யவில்லை. எங்களைக் கூப்பிடாதே, நாங்கள் வரமாட்டோம். உன் அம்மா காலையில் இருந்து பிள்ளைக்குத் தலை பின்னுவதும் அவிழ்த்துத் திரும்பப் பின்னுவதுமாக இருக்கிறாள்.

இரவில் அவளைத் தனியே படுக்கவிடாதே, போர்வையை உதைத்துவிடுவாள். மீனில் முள் எடுத்துக் கொடு. உன்னை முதலில் அடையாளம் தெரியாவிட்டால் கோபிக்காதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கீழே ரயில் போகும்போது நீ இன்னும் பதறி நிலத்தில் குப்புறப் படுத்துவிடுகிறாய் என்று மருமகன் எனக்கு எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு முன்னால் அப்படிச் செய்யாதே மகள். அந்தச் சத்தம் கேட்டால் அவள் சிரிப்பாள். நீயும் எழுந்து நின்று சிரி.

இப்படிக்கு,
உன் அப்பா
க. தங்கராசா