கோட்டைமலைக்கு வந்துபோனவர்

அகபா
3 மார்ச் 1988

அன்புள்ள ஷம்ஸாவுக்கு,

இறைவனின் சாந்தி உன்மீதும் மாமாமீதும் நிலவட்டும். நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. அங்கே வந்தும் உன் இருமலைத்தான் கேட்டேன், உன்னைப் பார்க்கவில்லை.

நீ கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போய் ஏழு மாதமாகிறது. உனக்காகத்தான் அரபா சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, ஒன்றரை நாள் தனியாக நடந்தேன். நடுவில் வழி தப்பி, ஒரே வறண்ட ஓடையை இரண்டு முறை சுற்றினேன். தண்ணீர் தீர்ந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

உங்கள் கூடாரத்துக்கு வந்து சேர்ந்ததும் மாமா காபி ஊற்றினார். "மழை எப்படி மருமகனே? துறைமுகத்துல வேலை எப்படி?" என்று கேட்டார். எதற்கு வந்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. விருந்தாளியிடம் மூன்று நாள் எதுவும் விசாரிக்கக்கூடாதுதான். மருமகனுக்குமா அது?

மறுநாள் காலை, "மேல கோட்டைக்குப் போறேன்" என்று பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்த உனக்குக் கேட்கும்படி கத்திவிட்டு மலையேறினேன். இடிந்த சுவர்களுக்கு நடுவே பிற்பகல் தொழுகை வரை உட்கார்ந்திருந்தேன். ஓணான் வந்தது, நீ வரவில்லை. வர விருப்பமில்லையா? எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தண்ணீர் லாரிக்காரர் ஹம்தானிடம் பதில் கொடுத்தனுப்பு.

உன்
அவ்வாத்

கோட்டைமலை அடிவாரம்
12 மார்ச் 1988

மதிப்புக்குரிய அவ்வாதுக்கு,

ஸலாம். உங்களுக்குப் புரியவில்லையா? எங்களுக்குத்தான் புரியவில்லை.

காபியைக் குடித்துவிட்டீர்களே! ஒன்றல்ல, மூன்று கிண்ணம். அதற்குமேல் கிண்ணத்தை ஆட்டிப் போதும் என்று வேறு காட்டினீர்கள். திரைக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். குடிக்காமல் தரையில் வைத்திருந்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று சொல்ல அப்பா தயாராக இருந்தார். அந்த வார்த்தை அவர் வாயிலேயே நின்றுவிட்டது. அகபாவுக்குப் போய் ஏழு வருஷத்தில் இதுகூடவா மறந்துபோகும்?

நீங்கள் போனபிறகு அப்பா, "மாப்பிள்ளை பழைய கல்லப் பாக்க வந்தாரு போல. வெள்ளைக்காரங்கதான் வருவாங்க, இப்ப இவரும் ஆரம்பிச்சிட்டாரு" என்றார். நான் சிரிக்கவில்லை. பெரியவர்கள் யாரையும் கூட்டி வரவும் இல்லை, வாய் திறந்து ஒரு சொல் கேட்கவும் இல்லை. உறவை முறித்துக்கொள்ளும் முன் ஒரு தரம் தலையைக் காட்டிவிட்டுப் போனீர்களோ என்றுகூட நினைத்தேன்.

மேலே ஏன் வரவில்லை என்கிறீர்கள். ஆடுகள் இருந்தன, வேலை இருந்தது.

ஷம்ஸா

அகபா
20 மார்ச் 1988

அன்பு ஷம்ஸா,

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். தாகத்தில் கிண்ணமும் தெரியவில்லை, முறையும் தெரியவில்லை. வழியில் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தவன், நாக்கில் ஈரம் பட்டதும் எல்லாவற்றையும் மறந்தேன்.

பெரியவர்களை ஏன் கூட்டி வரவில்லை என்றா கேட்கிறாய்? பயம். பத்துப் பேர் நடுவில் நீ மாட்டேன் என்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வண்டி மணலில் சிக்கியபோது என் தம்பிகள் எதிரில் நீ சிரித்தாய். அதற்காக, "அப்பன் வீட்டுக்குப் போடி" என்றேன். சிரிக்கிற மாதிரிதான் அன்றைக்கு நின்றேன் என்பது இப்போது தெரிகிறது. தப்பு என்னுடையது.

ஏப்ரல் எட்டு, வெள்ளிக்கிழமை, நோன்பு தொடங்கும் முன்னே, பெரியப்பாக்கள் மூவரோடு வருகிறேன். நாவு வெடித்தாலும் காபியைத் தொடமாட்டேன். மாமா சரி என்றதும் அன்றே கிளம்பிவிடலாம். துணிமணியைக் கட்டி வை.

உன்
அவ்வாத்

கோட்டைமலை அடிவாரம்
29 மார்ச் 1988

அவ்வாதுக்கு,

ஸலாம். கடிதம் வந்தது. தப்பு என்னுடையது என்ற வரியை மூன்று முறை படித்தேன். அதற்குக் கீழே இருந்ததைப் படித்ததும் மறுபடி குழம்பிப்போனேன்.

நீங்கள் கிண்ணத்தை வைப்பீர்கள். அப்பா சரி என்பார். உங்கள் பெரியப்பாக்கள் குடிப்பார்கள். நான் திரைக்குப் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா? போ என்றபோதும் என்னைக் கேட்கவில்லை, வா என்பதற்கும் அப்பாவைத்தான் கேட்பீர்கள். முன்பெல்லாம் இது முறைதானே என்று பேசாமல் இருந்திருப்பேன். இப்போது முடியவில்லை. ஏன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு பொய் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஆடுகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பின்பக்கத்துப் படிகளில் ஏறி மேலே வந்தேன். இடிந்த வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உங்கள் முதுகு தெரிந்தது. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். "ஷம்ஸா, கிளம்பு." "போதும், வீட்டுக்கு வா." "ஊர் சிரிக்குது, வந்துரு." கையை ஆட்டி, அதட்டி, கெஞ்சி, ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தீர்கள். முன்னே வரலாமா, இறங்கிவிடலாமா என்று கால் இரண்டுபக்கமும் இழுத்தது. கடைசியில் ரொம்ப மெதுவாக, "ஷம்ஸா, எங்கூட வர்றியா?" என்றீர்கள். அத்தனையிலும் அது ஒன்றுதான் கேள்வி. பதில் தெரியாமல் அழுதபடி இறங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் வேண்டாம், தனியாக வாருங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இது எந்த ஊரு வழக்கமோ" என்றார், தடுக்கவில்லை. நான் மேலே இருப்பேன். அந்தக் கேள்வியை என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

என்ன சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் இந்த முறை இறங்கி ஓடமாட்டேன்.

ஷம்ஸா