தெருப்பக்க ஜன்னல்

ஜூன் 2, திங்கள்

பேஸ்மென்டைத் திறந்தேன். கார் வாங்கப்போவதாக அப்பா தோண்டிய பள்ளம். காரும் வரவில்லை, சுவருக்குப் பூச்சும் நடக்கவில்லை. பத்தொன்பது வருடமாக உடைந்த கட்டிலும் பெயின்ட் டப்பாவும்தான் அங்கே குடித்தனம். இனி என் தங்கை அன்புக்கரசி.

புருஷன் கை நீட்டுகிறான் என்று ஒற்றைப் பெட்டியோடு வந்து பத்து நாள் ஆகிறது. என் மகள் நிஷாவின் அறையில்தான் படுக்கிறாள். நிஷாவுக்கு வரன் பார்க்கும் நேரம், வீட்டில் இடம் வேண்டாமா? இடம்தான் காரணம்.

ஜூன் 5

லாரன்ஸ் மேஸ்திரி வந்து அளந்தார். உயரம் ஏழரை அடி. சீலிங் ஃபேன் மாட்டினால் கையில் இடிக்கும், சுவர் ஃபேன்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தார். தெருப்பக்கம் ஜன்னலுக்கு விட்டிருந்த ஓட்டையை அடைக்கச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். வாசல்கூடப் பின்சந்து வழியாகத்தான் என்றேன்.

"இன்னா சார், உள்ள மனுசங்க இருக்கப்போறாங்க. அரிசி மூட்டையா அடுக்கப்போற?"

"சொன்னதைச் செய்யுங்க மேஸ்திரி!" கொஞ்சம் கத்திவிட்டேன். கொசு வரும், தூசி வரும். நியாயம்தானே?

ஜூன் 14

செங்கல் வைத்து அடைத்தாயிற்று.

ஜூன் 21

கீழே வயரிங். தனி காலிங் பெல், தனி மீட்டருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அன்புவிடம் பெருமையடித்தேன்.

"மீட்டர் எதுக்குண்ணா தனியா? நான் என்ன வாடகைக்கா வர்றேன்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சுரீரென்றது.

என் மனைவி ஜானகி விடவில்லை. "அவ கையெழுத்துப் போட்டுக் குடுத்த வீடுங்க இது." தெரியும்! அப்பா போன மறுவருடம், தன் பங்கு முழுக்க எனக்கே என்று எழுதிய விடுதலைப் பத்திரத்தில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். பத்திர ஆபீஸ் வாசலில் அவளுக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். கரும்பு ஜூஸ்!

ஜூலை 6, ஞாயிறு

பால் காய்ச்சிக் குடிபோனாள். திருவான்மியூரில் ஒரு பல் கிளினிக்கில் வேலையும் தேடிக்கொண்டாள். அடைத்த இடத்தில் காலண்டர் மாட்டிவிட்டு, "பரவால்லண்ணா, ஜில்லுனு இருக்கு" என்கிறாள். ஒரு வார்த்தை குறை சொல்லித் தொலைத்தால் என்ன? நானும் பதிலுக்கு நாலு கத்தித் தீர்த்திருப்பேன்.

ஜூலை 11

ஆடி பிறப்பதற்குள் பெண் பார்க்க வந்துவிடுகிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை. அன்புவிடம் நீயே சொல் என்று ஜானகி ஒதுங்கிக்கொண்டாள். சொன்னேன். "ரெண்டு மணி நேரம் கீழேயே இரும்மா. அவங்க போனதும்..."

"சரிண்ணா. கேசரி மட்டும் நான் கிண்டித் தர்றேன்."

எழுதிவிடுகிறேன். புருஷனை விட்டு வந்த அத்தை ஒருத்தி இந்த வீட்டில் இருப்பது தெருவுக்குத் தெரியக்கூடாது. அதற்குத்தான் ஜன்னலை அடைத்தேன். கொசுவாம், தூசியாம். தூ.

ஜூலை 13

வந்தார்கள். பையனின் அம்மா கேசரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முன்தெருவில் கால்வாய் தோண்டிப் போட்டிருப்பதால் காரைப் பின்சந்தில்தான் விட்டிருந்தார்கள். வழியனுப்பப் போனேன். கீழறைக் கதவருகே பையனின் அம்மா நின்றார்.

"உள்ள ஃபேன் ஓடுதே, யாரு இருக்காங்க?"

"யாருமில்லைங்க. பழைய சாமான் போட்டு வெச்சிருக்கோம். ஆஃப் பண்ண மறந்துட்டாங்க போல."

கார் போனதும் திரும்பினேன். ஃபேன் சத்தம் நின்றிருந்தது. அய்யோ, நின்னு போச்சே. கதவைத் தட்டவா? தட்டி என்னத்த சொல்ல? மேலே வந்துவிட்டேன்.

ஜூலை 14

கேசரிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். சாவியை ஜானகியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திருவான்மியூரில் ஏதோ மாடி அறையாம்.

ஜூலை 20

சம்மதம் என்று அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. நிஷா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அத்தையைப் பத்தி உண்மையைச் சொல்லுங்கப்பா. அப்புறமும் அவங்களுக்குச் சரின்னா, எனக்கும் சரி."

ஜூலை 27

சொல்லிவிட்டேன். பையனின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்போ அந்தக் கேசரி அவங்க பண்ணதா?"

இவ்வளவுதானா? இதற்கா நான் —

ஆகஸ்ட் 9

மேஸ்திரி செங்கல்லை உடைத்து ஜன்னல் வைத்தார். "அன்னிக்கே சொன்னேன்ல சார்." சொன்னார்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திருவான்மியூர் போனேன். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்க உக்காருண்ணா, காத்து வரும்." காபி கொடுத்தாள்.

"கீழே ஜன்னல் வெச்சாச்சும்மா. வந்துடு."

"நல்லதுண்ணா. நிஷா கல்யாணத்துக்கு சாமான் வைக்க ஆகும்." முகத்தில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

இறங்கும்போது வீட்டுக்கார அம்மா படியில் மறித்தார். "யாருங்க நீங்க? யாரைப் பார்க்க வந்தீங்க?" மாடிக் கைப்பிடியைப் பிடித்தபடி, தெருவுக்கே கேட்கும்படி அன்பு சொன்னாள்:

"எங்க அண்ணன்மா! கூடப் பொறந்தவரு!"

செருப்பைத் தேடுவது போல அங்கேயே குனிந்து நின்றேன்.