மஞ்சள் கோப்பை

2009 மே, செவ்வாய் இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் காட்ட வேண்டாம்.

அறிவியல் பாடத்துக்காக நானும் சித்தப்பாவின் மகள் சுபாவும் பின்வளவில் ரேப்சீட் வளர்க்கிறோம். எண்ணெய் எடுக்கிற செடி. கடுகைப் போல மஞ்சளாகப் பூக்கும். அதன் மொட்டுகளைச் சின்னக் கறுப்பு வண்டுகள் துளைக்கின்றன. மருந்தடிக்காமல் அவற்றைப் பிடிக்க வேண்டும்.

கொடியில் காய்ந்த அம்மாவின் மஞ்சள் சேலையில் அந்த வண்டுகள் மொய்த்ததை முதலில் கண்டது நான். "அதுகளுக்கு மஞ்சள் எண்டால் உயிரடி" என்று சுபாவிடம் சொன்னதும் நான்தான். அவள் மஞ்சள் கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிச் செடியருகே வைத்தாள். வண்டுகள் விழுந்து நிறைந்தன. இன்று வகுப்பில் டீச்சர் அவளைப் புகழ்ந்து, நாளை கோப்பையைக் கொண்டுவரச் சொன்னார். அவள் என் பெயரைச் சொல்லவேயில்லை.

எங்களோடு தங்கியிருப்பதால் வீட்டிலும் அவளுக்குத்தான் முதலிடம். சண்டை நடக்கும் வன்னியிலிருந்து சித்தப்பாவின் போன் வராததால், பெரிய மீன் துண்டு எப்போதும் அவளுக்கே. எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும்...

மாலையில் கோப்பையை வண்டுகளோடு கழிவுநீர்க் கானில் கவிழ்த்துவிட்டேன். கை இன்னும் சவர்க்காரம் மணக்கிறது. அம்மா கேட்டால் என் முகமே சொல்லிவிடும்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். சுபா.

"நித்திரையே? வகுப்பில பயத்தில உன்ர பேரைச் சொல்லாமல் விட்டிட்டன். நாளைக்குக் கோப்பையை நீதான் காட்டவேணும், என்ன? டோர்ச் கொண்டு வந்திருக்கிறன். வா, ஒருக்காப் போய்ப் பார்ப்பம்."

நான் என்ன சொல்லி அவளோடு போவேன்? கோப்பை வெறுமையாகக் கிடக்கிறதே.