உச்சி விளக்குக்கு அப்பா சொன்ன ஒயர்

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய கௌரவத்துக்கு மட்டும்தான் ஒரு வாரமாக உடம்பு சரியில்லை. கோவா மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிடு.

உங்கள் பட்டறையில் கட்டும் பாய்மரப் படகின் கம்பத்து உச்சி விளக்குக்கு எந்தப் பருமனில் ஒயர் போடுவது, புத்தகத்தில் நாலு ஸ்கொயர் என்று இருக்கிறதே என்று போனில் கேட்டாய். விருத்தாசலத்துல பாதி வூட்டுக்கு ஒயரிங் பண்ணவன் சொல்றேன், ஒரு சின்ன பல்புக்கு எதுக்கு இம்மாம் மொத்தம், ஒன்னு ஸ்கொயர் தாராளம் என்றார் அப்பா. நீயும் அதையே போட்டுவிட்டாய். சின்ன வயதில் கேட்காத பேச்சையெல்லாம் இப்போதுதான் கேட்க வேண்டுமா உனக்கு.

போனை வைத்த பிறகு அவருக்கே சோறு இறங்கவில்லை. என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கம்மாபுரம் போய், சிங்காரவேல் மாமாவின் டிராக்டரிலிருந்து பேட்டரியையும் இரண்டு பல்பையும் கழற்றினார். படகில் பேட்டரியிலிருந்து உச்சி வரை எழுபது அடி என்றாயே, அதற்காக ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தெருவில் டேப்பைப் பிடித்து அளந்தார். அவ்வளவுதான், நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்க நிலம் அளக்க ஆபீசர் வந்துவிட்டார் என்று தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பூவாயி துடைப்பத்தோடு வந்து, எங்க வூட்டு அடுப்படியையும் அளந்துக்கினு போங்க சார் என்று கத்தினாள். மாமா ஓடிவந்து, ஐயோ இது நம்ம ஊரு மாப்பிள்ளை என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஒன்னு ஸ்கொயர் ஒயரை இழுத்துப் பல்பைப் போட்டார். பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த பல்பு பளிச்சென்று எரிந்தது, எழுபது அடி தள்ளி இருந்தது அழுது வடிந்தது. வூட்டுக் கரண்டு இரநூத்தி முப்பது வோல்ட்டு, இது வெறும் பன்னெண்டு, போறப்பவும் வரப்பவும் ஒயரே பாதிய தின்னுடுது என்று முணுமுணுத்தார். இத பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க என்று கேட்டுவிட்டுப் பூவாயி போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே உன் நினைப்பு வந்தது. அடுத்த மாதம் அந்தப் படகில் நீயும்தானே இருட்டில் கடலுக்குள் போகப் போகிறாய். அந்த அழுமூஞ்சி வெளிச்சம் எந்தக் கப்பல்காரன் கண்ணில் படும்? பட்டறையில் யார் என்ன சொன்னாலும் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு நாலு ஸ்கொயரே போடு. போனில் சொல்லலாம்தான், அவருக்குத் தன் வாயால் சொல்ல வரவில்லை, நான் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்கவும் முடியவில்லை. இதை அப்பா சொல்லித்தான் எழுதினேன் என்று சொல்லக் கூடாது என்றும் சொன்னார். பழமலைநாதர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பார்சலில் முறுக்கு இருக்கிறது, நமுத்துப்போகும் முன்னே தின்றுவிடு. கவரை ஒட்டித் தருகிறேன், போட்டுவிட்டு வாருங்கள் என்றால், ஒட்டாமலே கொடு என்கிறார்.

ஆசியுடன்,
அம்மா அருக்காணி

யுவா, நாலே போடு. போட்டதும் எரியவிட்டு, கரையிலேருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தப்பு என்னோடதும்மா. – அப்பா